சாகச சிகிச்சை: காரைக்குடிப் பக்கம் யாராவது செய்கிறீர்களா? உள்ளே வருவது எப்படி?

ஓட்டக்களம்

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். தை மாதத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால், ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரான்மலைக்கு அழைத்துப் போவது எங்கள் பள்ளி வழக்கம். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதரைக் கும்பிட்டுவிட்டு ஏறினால் உச்சியில் தர்கா வரைக்கும் போவோம்.

இந்தத் தடவை ஒரு பையன். வகுப்பில் பேர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதோடு சரி. மேலே போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே வீட்டு நிலைமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். மலையில் பேசுகிறவன் ஏன் வகுப்பறையில் பேசுவதில்லை என்ற யோசனை அன்றிலிருந்து என்னை விடவில்லை. தேடிப் பார்த்ததில் சாகச சிகிச்சை என்று ஒரு துறையே இருப்பது தெரிந்தது. மலையேற்றம், கயிறு, படகு, முகாம் இவற்றை வைத்து மனநல சிகிச்சை செய்கிறார்களாம்.

உண்மையில் இது என்ன? நான் இப்போது செய்வதற்கும் அதற்கும் எவ்வளவு தூரம்? விளையாட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவன் படித்து உள்ளே வர வழி உண்டா? இமயமலைப் பக்கம் போனால்தான் முடியுமா, நம் வறண்ட பூமியில் ஆகாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வளவு வீடு

நல்ல நேரத்தில் ஆரம்பித்தீர்கள். கானாடுகாத்தானில் எங்கள் ஐயா காலத்து வீட்டை விருந்தினர் தங்கும் இடமாக நடத்துகிறோம். சென்னையிலிருந்து வருகிறவர்கள் மன அமைதிக்கு முகாம் நடத்தித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். பின்கட்டைத் தாண்டி இடம் சும்மாதான் கிடக்கிறது. கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போகும் ஜிப்லைன் போட்டு, இரண்டு நாள் சாகச சிகிச்சை என்று அறிவிக்கலாம் என்று நினைக்கிறோம். என்ன செலவு ஆகும்?

ஊருணிக்கரை

ஓட்டக்களம் சார், நான் உளவியல் ஆலோசகர். இந்த வழியில் பயிற்சி எடுத்து, ஒரு மனநல மருத்துவரோடும் மலையேற்றப் பயிற்றுநரோடும் சேர்ந்து சின்ன அளவில் செய்து வருகிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளவு வீடு அண்ணனுக்கு முதலில் ஒரு வார்த்தை. அறிவிப்பில் ‘சிகிச்சை’ என்று மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். ஏன் என்பது படித்துக்கொண்டே வந்தால் தெரியும்.

மலை ஏறினால் மனசு லேசாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனாலேயே மலையேற்றம் சிகிச்சை ஆகிவிடாது. இந்தத் துறை அறிஞர்கள் சைமன் பிரீஸ்டும் மைக்கேல் காஸும் ஒரு பாகுபாடு சொல்கிறார்கள். பொழுதுபோக்கு, மனநிலையை மாற்றும். கல்வி, எண்ணத்தை மாற்றும். வளர்ச்சிப் பயிற்சி, நடந்துகொள்ளும் விதத்தை மாற்றும். நான்காவதுதான் சிகிச்சை: ஒருவரை முடக்கிப்போட்டிருக்கும் பழக்கத்தை, அச்சத்தை, உறவுச் சிக்கலைக் குறிவைத்து வேலை செய்வது. மேலே போகும் பாதை நாலுக்கும் ஒன்றுதான். யாருக்காக, எதற்காக, யார் பொறுப்பில் ஏறுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். காஸ், லீ கில்லிஸ், கீத் ரசல் மூவரும் 2012இல் வெளியிட்ட பாடநூலில் இதை மனநலத் தொழில்முறையாளர் செய்யும் வேலை என்று திட்டமாகவே சொல்லிவிட்டார்கள். மருத்துவர் சீட்டில் மருந்து எழுதுகிற மாதிரி, இன்னாருக்கு இன்ன செயல், இன்ன காரணத்துக்காக என்று தீர்மானித்துக் கொடுப்பது.

கொஞ்சம் வரலாறு. 1901இல் நியூயார்க்கின் மன்ஹாட்டன் அரசு மனநல மருத்துவமனையில் இடம் போதாமலும் தொற்றுக்குப் பயந்தும் காசநோயுள்ள நோயாளிகளைக் கூடாரங்களுக்கு மாற்றினார்கள். நெஞ்சு நோய்க்காகச் செய்த ஏற்பாட்டில் பலருக்கு மனநிலையும் தேறியதை மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். அப்புறம் 1941இல் வேல்ஸ் கடற்கரையில் அபர்டோவி என்ற ஊரில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவன உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியைத் தொடங்கினார்கள். போர்க்காலம் அது. கப்பல் மூழ்கினால் உயிர்காப்புப் படகில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்கிறார்கள், உடம்பில் வலுவுள்ள இளைஞர்கள் மனம் தளர்ந்து போய்விடுகிறார்கள் என்பது ஹோல்ட்டின் கவலை. அதனால் கடலிலும் மலையிலும் சவால்களைச் சந்திக்கவைத்து இளைஞர்களின் மன உறுதியை வளர்த்தார்கள். 1971இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜெர்ரி பை என்ற பள்ளி முதல்வர் இந்த முறையைப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். பிராஜெக்ட் அட்வென்ச்சர் என்று பெயர். மலையும் கடலும் இல்லாமல், உடற்கல்வி வகுப்பில், கயிறும் பலகையும் வைத்தே செய்தார்கள். வறண்ட பூமியில் ஆகுமா என்று கேட்டீர்களே சார், அதற்கான பதில் 1971லேயே வந்துவிட்டது.

பலன் உண்டா என்பதற்கும் கணக்கு இருக்கிறது. டேனியல் போவனும் ஜேம்ஸ் நீலும் 2013இல் 197 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விளைவின் அளவு 0.47, அதாவது நடுத்தரம். முகாம் முடிந்த பிறகும் அது பெரும்பாலும் தங்கியிருந்தது. மாயாஜாலம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் தேர்ந்தவர் கையில் இருந்தால் நம்பி அனுப்பலாம்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஆலோசனை அறையில் எதிரெதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது விசாரணை மாதிரிதான் இருக்கும். மலையில் இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உடம்பு களைத்திருந்தது, கைக்கு ஒரு பாட்டில் மூடி இருந்தது. வால்ஷ், கோலின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவுட்வர்ட் பவுண்ட் முறையைப் பற்றி 1976இல் சொன்னது இதற்குப் பொருந்தும். பழக்கமில்லாத இடம், சிறிய குழு, தீர்க்கக்கூடிய அளவில் ஒரு சவால். இந்த மூன்றும் சேர்ந்தால் வீட்டில் பழகிய பழைய வழி எடுபடாது. மனிதர் புதிதாக ஒன்றைச் செய்து பார்த்தே ஆகவேண்டும். ஆலோசகருக்கும் இதில் வசதி உண்டு. ‘எனக்குக் கோபம் வரும்’ என்று அறையில் சொல்வதைக் கேட்பதற்கும், கோபம் வருகிற அந்த நொடியில் பக்கத்தில் நிற்பதற்கும் நிறைய வித்தியாசம்.

பள்ளத்தூர்ப் பாதயாத்திரி

எல்லாம் சரிதான் ஆத்தா. நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போகிறோம், தலைமுறை தலைமுறையாக. குன்றக்குடியில் கூடி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போவது. கால் கொப்புளித்து, தெருவில் படுத்து, ஊர்க்காரர் ஊற்றும் மோரைக் குடித்து நடக்கிறோம். மனசு உடைந்து வந்தவர்கள் தேறிப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். என் தம்பி மகன் தொழில் நொடித்து ஒரு வருஷம் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்தான். நடந்து வந்த பிறகுதான் கடைப் பக்கம் போனான். வெள்ளைக்காரன் 1941இல் கண்டுபிடித்ததை முருகன் அதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டான் என்பேன்.

ஊருணிக்கரை

அண்ணே, உங்கள் தம்பி மகன் எழுந்து வந்தது பெரிய காரியம். பாதயாத்திரையில் சிகிச்சைக்கு வேண்டிய பல கூறுகள் இருக்கின்றன, நான் மறுக்கவே மாட்டேன். போகிறவர் தானாக விரும்பிப் போகிறார். முன்னால் நடக்கப் பெரியவர் இருக்கிறார். தங்குமிடம், சாப்பாடு, புறப்படும் நேரம் எல்லாவற்றிலும் ஒழுங்கு இருக்கிறது. தனியாக விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு கூட்டம் இருக்கிறது.

இன்னொன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. காவடியோடு போகிறவர்கள் திரும்பும்போதும் நடந்தே வருகிறார்கள். எங்கள் துறையின் தீராத தலைவலியே இந்தத் திரும்பி வருதல்தான். முகாமில் நன்றாக இருந்த பிள்ளை, ஒரே ராத்திரியில் பேருந்து ஏறி வீட்டுக்கு வந்து, மறுநாள் அதே சண்டைக்கு நடுவில் நிற்பான். மலையில் கிடைத்தது வாசற்படியோடு போய்விடும். அதனால் நல்ல திட்டங்களில் கடைசி நாட்களை வீட்டுக்குத் தயார் செய்வதற்கென்றே ஒதுக்குகிறார்கள். பெற்றோரையும் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள், பிறகும் மாதக்கணக்கில் ஆலோசனையைத் தொடர்கிறார்கள்.

ஆனாலும் பாதயாத்திரையைச் சிகிச்சை என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்தால் அந்தக் கூட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பது யார்? மாத்திரையை நிறுத்திவிட்டு நடக்கிறவரை யார் தடுப்பது? பக்தி தன் வேலையைச் செய்யட்டும், அதன் மேல் இந்தப் பொறுப்பையும் ஏற்றிவைப்பது நியாயமில்லை.

பள்ளத்தூர்ப் பாதயாத்திரி

மாத்திரை விஷயம் நீங்கள் சொல்வது சரி. நேர்த்திக்கடன் என்று மாத்திரையை விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. இந்த வருஷம் புறப்படும் முன்னால் எங்கள் ஆட்களிடம் சொல்லிவைக்கிறேன்.

மனநலச் செவிலி

பெரியவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே வருகிறேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் வேலை. நம் ஊர் வெயிலில் வெளியிட நிகழ்ச்சி நடத்துகிற யாரும் மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

இருமுனை மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வியர்த்து, உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம், வாந்தி, பேதி, நடையில் தள்ளாட்டம், பேச்சு குழறல். மயக்கம் என்று நினைத்து நிழலில் படுக்கவைத்துவிடுவீர்கள். அது நஞ்சேற்றம், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் பல மருந்துகள் உடம்பு சூட்டைச் சமாளிக்கும் திறனைக் குறைக்கும். குளோர்புரோமசின் சாப்பிட்டால் வெயில் பட்ட தோல் சீக்கிரம் வெந்துபோகும். வலிப்பு உள்ளவர் உயரத்திலும் தண்ணீர் ஓரத்திலும் எப்படி இருக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்போ பிதற்றலோ வரலாம். அந்த நாட்களில் ஆள் மருத்துவமனையில்தான் இருக்கவேண்டும், முகாமில் இருக்கக்கூடாது.

பங்குனி, சித்திரையில் எந்த நிகழ்ச்சியும் வேண்டாம் என்பது என் கருத்து. மார்கழி, தை, மாசி முதல் பாதி போதும். அப்போதும் காலை பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

கோட்டையூர் ஆச்சி

இதையெல்லாம் படித்ததும் எழுதத் தோன்றியது. என் மகனுக்கு 16 வயது. ஆறு மாதமாகப் பள்ளிக்குப் போவதில்லை, ராத்திரி முழுக்க போன், பகலில் தூக்கம். அவன் அப்பச்சி சிங்கப்பூரில். சொந்தக்காரர் ஒருவர் மலைப்பக்கம் நடக்கும் முகாம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். மூன்று வாரம், பையனோடு நாம் பேசக்கூடாது, போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ‘ராணுவ ஒழுங்கு, திருந்திவிடுவான்’ என்கிறார்கள். பையனிடம் சொன்னால் வரமாட்டான், சுற்றுலா என்று சொல்லி ஏற்றிவிடுங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். பணம் பாதி கட்டச் சொல்கிறார்கள். நானும் செய்யாத வேண்டுதல் இல்லை. அனுப்பலாமா?

ஊருணிக்கரை

ஆச்சி, அனுப்பவேண்டாம்.

சுற்றுலா என்று ஏமாற்றி ஏற்றச் சொல்கிற இடம் எதுவும் இந்தத் துறையைச் சேர்ந்ததே கிடையாது. எங்கள் வேலையின் அடிப்படையே ஒப்புதல்தான். பிராஜெக்ட் அட்வென்ச்சரில் கார்ல் ரோங்கி வகுத்த நெறி ஒன்று உண்டு: எந்தச் சவாலையும், எந்த அளவுக்கு என்பதையும் பங்கேற்பவரே தேர்ந்தெடுப்பார். பாதியில் நிற்கலாம், ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லலாம். சொன்னால் யாரும் கேலி செய்யக்கூடாது, இழுக்கக்கூடாது.

ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். மலையில் பாதி தூரம் வந்ததும் ‘எனக்குப் போதும்’ என்று நின்றுவிட்டாள். அவளோடு ஒரு பயிற்றுநர் இருந்தார், மற்றவர்கள் ஏறிவிட்டு வந்தார்கள். அன்று மாலை வட்டமாக உட்கார்ந்தபோது அவள்தான் அதிகம் பேசினாள். ‘வேண்டாம்னு சொன்னேன், யாரும் திட்டல’ என்றாள். வீட்டில் அவளுடைய ‘வேண்டாம்’ ஒரு தடவைகூட எடுபட்டதில்லை. உச்சி வரை தள்ளிக்கொண்டு போயிருந்தால் அந்தப் பேச்சே நடந்திருக்காது.

அமெரிக்காவில் பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று நடத்திய வனமுகாம்களில் உயிரிழப்பு நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் வட கரோலைனாவில் 12 வயதுச் சிறுவன் முகாமுக்கு வந்த ஒரு நாளுக்குள் இறந்துபோனான். மூச்சுத் திணறி இறந்தான் என்பது பிரேதப் பரிசோதனை முடிவு. அந்த முகாமின் உரிமத்தை மாநில அரசு ரத்து செய்தது. ராத்திரியில் ஆள் வைத்துப் பிள்ளையைத் தூக்கிப்போகும் வழக்கம் அங்கே பல குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது. சிகிச்சை என்ற பெயருக்குப் பின்னால் நடந்ததுதான் இதெல்லாம்.

எந்த இடமாக இருந்தாலும் இவற்றைக் கேளுங்கள். பொறுப்பில் இருக்கும் மனநலத் தொழில்முறையாளர் யார், அவர் முகாமிலேயே இருப்பாரா? சேர்ப்பதற்கு முன் பையனிடம் தனியாகப் பேசுவார்களா? நான் எப்போது வேண்டுமானாலும் அவனோடு பேசலாமா? அவன் வேண்டாம் என்றால் என்ன செய்வீர்கள்? பக்கத்தில் எந்த மருத்துவமனை, வண்டி எங்கே நிற்கும்? முடிந்த பிறகு என்ன? இதில் ஒன்றுக்குக்கூட மழுப்பினால் வந்துவிடுங்கள்.

முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இரவு பகல் மாறிப்போவதும் பள்ளியை ஒதுக்குவதும் மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். பள்ளியில் யாராவது அவனைத் துன்புறுத்தியிருக்கலாம். காரணம் தெரியாமல் மலையேற்றிப் பயன் இல்லை.

மனநலச் செவிலி

ஆச்சி, டெலி மானஸ் என்று அரசு நடத்தும் இலவச மனநல உதவி எண் இருக்கிறது: 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம். மகன் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் பேசுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் தாராளமாக வரலாம்.

கோட்டையூர் ஆச்சி

பணம் கட்டவில்லை. நாளைக்குக் கூப்பிடுகிறேன். இரண்டு பேரும் நல்லா இருக்கணும்.

கயிறும் கொக்கியும்

புதுக்கோட்டைக்காரன். பாறை ஏறுவது பழக்கம். வளவு வீடு அண்ணே, ஜிப்லைன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கம்பியின் தொய்வு, நங்கூரம், கடைசியில் ஆளை நிறுத்தும் ஏற்பாடு மூன்றையும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தரவேண்டும், முறையாகச் சோதிக்கவேண்டும். தோட்டத்து மரத்தில் கட்டுகிற காரியமில்லை இது.

கயிறு என்றால் கடைக் கயிறு கிடையாது. ஏறும்போது விழுந்தால் நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கும் கயிறு வேறு, அதிகம் நீளாமல் நிற்கும் கயிறு வேறு. யு.ஐ.ஏ.ஏ. (உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு) அல்லது சி.இ. (ஐரோப்பியத் தர அடையாளம்) முத்திரை இருக்கவேண்டும். வெயிலில் கிடந்த கயிறு பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே வலுவிழந்திருக்கும். ஒவ்வொரு கயிற்றுக்கும் வாங்கிய தேதி, பயன்படுத்திய நாள் எழுதிய புத்தகம் வைத்திருப்பவரிடம்தான் என் உடம்பைக் கொடுப்பேன்.

திருமயம் கோட்டைப் பாறையில் கயிறு கட்டலாமா என்று சில பேர் கேட்டிருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அந்த எண்ணமே வேண்டாம்.

ஊருணிக்கரை

இவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் துறையில் உணரும் ஆபத்து, உண்மையான ஆபத்து என்று பிரித்துப் பார்ப்போம். வருகிறவருக்கு நெஞ்சு படபடக்கலாம். ஆனால் நிஜமாக அடிபடும் வாய்ப்பை மிகமிகக் குறைவாக வைத்திருக்கவேண்டும். அதே சமயம், படபடப்பு அளவு மீறினால் மனிதர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார், உறைந்துபோவார். வன்முறையை அனுபவித்தவர்களுக்கு இது பழைய காயத்தைக் கிளறிவிடும். பின்பக்கமாகச் சாய்ந்து விழ, கீழே நிற்பவர்கள் பிடிக்கும் விளையாட்டு பல முகாம்களில் உண்டு. நான் அதைச் செய்வதே இல்லை. பிடிக்காமல் விட்டால் கழுத்து போகும். தொடுவதற்கே அஞ்சுகிறவர்கள் குழுவில் இருக்கலாம்.

நெஞ்சைப் பதறவைக்காமலே எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஊருணிக்கரையில், வேப்பமர நிழலில், எட்டு பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தரையில் நீளமான வடக்கயிறு ஒன்று சுருண்டு கிடக்கிறது. எல்லோரும் அதைப் பிடித்து ஒரு சதுரமாக நிறுத்தவேண்டும், அவ்வளவுதான் வேலை. கண்கட்டு வேண்டாம் என்பவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கலாம். தொடங்கியதுமே இரண்டு பேர் கத்த ஆரம்பிப்பார்கள், ‘இழு’, ‘விடு’, ‘டேய் இந்தப் பக்கம்’. சதுரம் முக்கோணம் ஆகும், அப்புறம் முட்டை வடிவம் ஆகும். ஒரு மூலையில் ஒரு பையன் கயிற்றைக் கையால் அளந்து கொண்டே போய், மடிப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டான். மெதுவாகச் சொன்னான், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். மூன்றாவது தடவை அவன் குரல் உயர்ந்தது, ‘நில்லுங்க’. எல்லோரும் நின்றார்கள்.

கட்டை அவிழ்த்துப் பார்த்தால் சதுரம் ஓரளவு சதுரமாகவே இருந்தது. அதைப் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனால் அது விளையாட்டு. நாங்கள் அங்கேயே உட்கார்ந்தோம். என்ன நடந்தது என்று முதலில் கேட்டேன், கருத்துச் சொல்லவேண்டாம், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று. அப்புறம், முதல் இரண்டு தடவை யார் காதிலும் விழாதபோது உனக்குள் என்ன ஓடியது என்று அவனிடம். ‘விட்றலாம்னு இருந்துச்சு’ என்றான். வேறு எங்கே இப்படி விட்டுவிடுகிறாய்? நீண்ட நேரம் பேசவில்லை, தரையிலிருந்த வேப்பங்கொட்டையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தான். பிறகு அண்ணனைப் பற்றிப் பேசினான். அடுத்து வந்த வாரங்களில் ஆலோசனை அறையில் நாங்கள் செய்த வேலைக்கெல்லாம் அந்த ‘நில்லுங்க’தான் பிடி. என்ன நடந்தது, அதில் என்ன இருக்கிறது, இனி என்ன என்ற மூன்று கேள்விகளையும் சரியான நேரத்தில் கேட்கத் தெரிவதற்குத்தான் இத்தனை வருஷப் படிப்பு.

தேவகோட்டை மாணவி

அக்கா, நான் சமூகப்பணி முதுகலை முதல் வருடம் படிக்கிறேன். இதையே தொழிலாக எடுக்க ஆசை. நம் நாட்டில் இதற்கென்று பட்டப்படிப்பு இருக்கிறதா? ஓட்டக்களம் சாருக்கும் எனக்கும் ஒரே வழியா, வேறு வேறு வழியா?

ஊருணிக்கரை

வேறு வேறு வழிதான் பாப்பா. இந்த வேலைக்கு இரண்டு கால் வேண்டும், மனநலம் ஒன்று, வெளியிடத் திறன் ஒன்று. உனக்கு முதல் கால் வளர்ந்துகொண்டிருக்கிறது, சாருக்கு இரண்டாவது கால் நன்றாக இருக்கிறது.

நீ முதுகலையில் மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாக எடு. களப்பணியை மனநல மருத்துவமனையிலோ குடிமீட்பு மையத்திலோ கேட்டு வாங்கு. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநலச் சமூகப்பணியில் மேற்படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வு கடினம், எழுதிப் பார். மருத்துவ உளவியலாளர் ஆகவேண்டும் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரமுள்ள படிப்பும் பதிவும் கட்டாயம். யார் மனநலத் தொழில்முறையாளர் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுத்திருக்கிறது, அந்தப் பகுதியை ஒரு தடவை பொறுமையாகப் படித்துவிடு.

வெளியிடத் திறனுக்கு உத்தரகாசியில் நேரு மலையேற்றக் கழகம் 1965லிருந்து இருக்கிறது, டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றக் கழகம் 1954லிருந்து. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். அவ்வளவு தூரம் முடியாது என்றால் பெங்களூரில் கர்நாடக அரசின் ஜெனரல் திம்மையா தேசிய சாகச அகாடமி பாறையேற்றப் பயிற்சி தருகிறது. மருத்துவமனை எட்டாத இடத்தில் செய்யும் முதலுதவிக்குத் தனிப் படிப்பு உண்டு, மசூரியில் ஹனிஃபில் மையம் நடத்துகிறது. என்னைக் கேட்டால் கயிற்றுக்கு முன்னால் முதலுதவியைத்தான் படிக்கச் சொல்வேன்.

சாகச சிகிச்சையையே முறையாகப் படிக்க வெளிநாடு போகவேண்டும். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணியையும் வெளியிடக் கல்வியையும் சேர்த்து இரட்டை முதுகலை இருக்கிறது. அமெரிக்காவின் அனுபவக் கல்விச் சங்கம் மனநலத் தகுதி உள்ளவர்களுக்குத் தனிச் சான்றிதழ் தருகிறது. 1997இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தொடங்கிய உலக மாநாடும் தொடர்ந்து நடந்து வருகிறது. உடனே போக முடியாது என்றால் கவலைப்படாதே, இங்கேயே நிறைய வேலை கிடக்கிறது.

ஓட்டக்களம் சார், நீங்கள் ஐந்து வருடம் செலவழித்து உளவியலாளர் ஆகவேண்டிய அவசியம் இல்லை. ஒரே ஆளே இரண்டு வேலையையும் செய்யும் திட்டங்கள் குறைவு. பெரும்பாலும் இரண்டு பேர் ஜோடியாக நடத்துவார்கள். ஒருவர் கண் கயிற்றில், இன்னொருவர் கண் முகத்தில். உங்கள் பள்ளிக்கு வரும் ஆலோசகரை அடுத்த பிரான்மலைக்குக் கூட்டிப் போங்கள். அது சிகிச்சை ஆகாது, ஆனால் மாணவர் வளர்ச்சிப் பயிற்சியாக நல்ல தரத்தில் இருக்கும். சிகிச்சை தேவைப்படும் பிள்ளை அதில் அடையாளம் தெரிந்தால் சரியான கைக்குப் போய்ச் சேரும்.

வளவு வீடு

ஜிப்லைனை விட்டுவிட்டோம். சிகிச்சை என்ற சொல்லையும் எடுத்துவிட்டோம். வேறு எப்படி உதவலாம்?

ஊருணிக்கரை

ரொம்ப சந்தோஷம் அண்ணே. உங்கள் வீட்டிலேயே நிறைய இருக்கிறது. இருபது பேர் வட்டமாக உட்கார, முற்றத்தைச் சுற்றிய வளவு இருக்கிறது. இரண்டாம் கட்டில் எல்லோரும் சேர்ந்து சமைக்கலாம். விறகடுப்பில் எட்டு பேர் சேர்ந்து ஒரு வேளைச் சோறு ஆக்குவதில் யார் தலைமை தாங்குகிறார், யார் ஒதுங்குகிறார், கருகினால் யார் மேல் பழி விழுகிறது எல்லாம் தெரிந்துவிடும். குடிமீட்பில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கு இது மலையேற்றத்தை விடப் பொருத்தம். காலையில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயப் பக்கம் சத்தமில்லாமல் ஒரு நடை போகலாம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுகுடிப்பட்டி மக்களோடு பிள்ளைகள் உட்கார்ந்து பேசட்டும்.

எங்களுக்கு இப்போது உடனடித் தேவை முதலுதவிப் பயிற்சிக்கு ஒரு இடம்.

வளவு வீடு

வளவு உங்களுக்கு. வாடகை வேண்டாம், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

ஓட்டக்களம்

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அந்தப் பையன் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்பிக்கைத் துரோகமா?

ஊருணிக்கரை

நீங்கள் கேட்டுக்கொண்டதே அவனுக்குப் பெரிய விஷயம் சார். அடுத்து அவனைத் தனியாகப் பார்த்து, ‘நீ சொன்னதை மறக்கவில்லை, இதில் உனக்கு உதவத் தெரிந்த ஒருவரிடம் நாம் சேர்ந்து பேசலாமா’ என்று அவனிடமே கேளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் தாமதிக்காமல் தலைமையாசிரியரிடமும் 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் சொல்லவேண்டும். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அதில் நமக்குத் தெரிவு கிடையாது.

மலைக்குக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் இந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள். இங்கே பேசுவது நமக்குள் இருக்கும், ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைக் கூப்பிடுவேன் என்று. அப்படிச் சொன்ன பிறகும் பிள்ளைகள் பேசத்தான் செய்கிறார்கள்.

ஓட்டக்களம்

புரிந்தது. திங்கட்கிழமை அவனிடம் பேசுகிறேன், ஆலோசகரிடமும் நேரம் வாங்கிவிடுகிறேன்.

கயிறும் கொக்கியும்

முதலுதவிப் பயிற்சிக்கு நானும் வருகிறேன். தூக்குப் படுக்கையும் கட்டுத்துணியும் என்னிடம் இருக்கின்றன. கார்த்திகை மழை விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா? வருகிறவர்கள் கீழே பெயர் போடுங்கள்.

தேவகோட்டை மாணவி

நான் வருகிறேன். எங்கள் வகுப்பிலிருந்து இரண்டு பேர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனநலச் செவிலி

பணி இல்லாத ஞாயிறாக இருந்தால் வருகிறேன். வெயில், மருந்து பற்றி ஒரு மணி நேரம் எனக்கு ஒதுக்குங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நான் கொண்டுவருகிறேன்.